பதினோராயிரம் பேருக்கு ஒரு குரூப் போட்டோ

சாந்த் பாஷா முதலில் பார்ப்பது ஓரத்தில் நிற்பவரைத்தான். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஜெனரல் மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தபடி தயாராக இருப்பார். பாஷா அவரைக் கண்டுகொள்ள மாட்டார். மூன்று படி இரும்பு ஸ்டூலின்மேல் ஏறி நின்று, இடது கோடியில் பாதி உடம்பைக் கூட்டத்துக்கும் பாதியைக் கேன்டீனுக்கும் கொடுத்திருக்கும் யாரோ ஒருவரைப் பார்த்துக் கையை நீட்டுவார். "அண்ணே, ஒரு அடி உள்ள வாங்க." அவர் அசையாவிட்டால் கன்னடத்தில், "ஸ்வல்ப ஒளகெ பன்னி." அதற்கும் அசையாவிட்டால் தெலுங்கில், "கொஞ்செம் லோபலிகி ரண்டி." ஓசூர் சிப்காட்டில் இந்த மூன்றில் ஒன்றுக்காவது எவரும் அசைந்துதான் ஆகவேண்டும். ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஒருவர் மட்டும் ஒருமுறை சிரித்துக்கொண்டே நின்றார். பாஷா இறங்கிப் போய் அவர் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு வந்தார். அதன் பிறகுதான் கழுத்தில் தொங்கும் விசில். அதை ஊதினால் நானூறு தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். அந்த நொடியில் கேமரா சத்தம் போடும்.

மூக்கண்டப்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு ஹார்டுவேர் கடைக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருக்கிறது அவருடைய ஸ்டுடியோ. வயது நாற்பத்தெட்டு. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் உண்டு என்றாலும், தொழிற்சாலைகளின் ஆண்டுவிழா குரூப் போட்டோதான் அவருடைய ராஜ்ஜியம். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துத் தலைக்கணக்கு சொல்லிவிடுவார். நான் எங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன். முடியளவு பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற ஜென்மம். அதனால் அவர் "முன்னூத்தி எம்பத்தேழு பேர்" என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வரிசை வரிசையாக எண்ணினேன். முன்னூற்று எண்பத்தாறு. பெருமையோடு போய்ச் சொன்னேன். பாஷா ஸ்டூலிலிருந்து இறங்காமலே, "தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒருத்தர் பீடி குடிச்சிக்கிட்டு இருக்கறார் சார். அவரையும் கூப்புடுங்க" என்றார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

அவருடைய பையில் கேமராவைவிடப் பத்திரமாக ஒரு பொருள் இருக்கும். யாருடையதோ பழைய கல்யாணப் பத்திரிகை. அதன் நடுவில் பிளேடால் சின்ன ஜன்னல் வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு ஒரு நூல் கட்டியிருப்பார். நூலில் மூன்று முடிச்சு. அட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் முடிச்சைக் கன்னத்தில் வைத்து, நூல் விறைக்கும் வரை அட்டையை நீட்டி, ஒற்றைக் கண்ணால் ஜன்னல் வழியாகப் பார்த்தால், இருபத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவு தெரியும். இரண்டாவது முடிச்சு ஐம்பது. மூன்றாவது, கல்யாண மேடைக்கு வைத்திருக்கும் ஜூம். கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்பே இந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் முன்னும் பின்னும் நடப்பார். பார்க்கிறவர்களுக்கு, பத்திரிகை படிக்கக் கண்ணாடி மறந்து வந்தவர் போலத்தான் தெரியும். "லென்ஸ காலால தேடணும் சார். எங்க நிக்கறோம்னு முடிவாச்சின்னா, எந்த லென்ஸுன்னு அதுவே சொல்லிடும்" என்பது அவர் கட்சி.

ஓரத்தில் நிற்பவர்மேல் இத்தனை கரிசனம் சும்மா வரவில்லை. தொண்ணூற்று ஒன்றாம் வருடம் ஒரு தொழிற்சாலையில் நாராயணப்பன் என்ற வாட்ச்மேன் ஓய்வு பெற்றார். தொரப்பள்ளிக்காரர். அவருக்காகத்தான் அந்த குரூப் போட்டோவே எடுத்தார்கள். ஆனால் அவர் கூச்சப்பட்டுக் கோடியில் போய் நின்றுகொண்டார். பாஷா நடுவில் இருந்த அதிகாரிகளின் டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். படத்தில் விழுந்தது நாராயணப்பனின் ஒரு தோளும் ஒரு ஷூவும் மட்டும். பிரிண்ட் வாங்க வந்தவர் சத்தம் போடவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தோளு நல்லா விழுந்திருக்குது பாஷா" என்று சொல்லி, உறையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

"திட்டியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பன் சார்" என்று இதைச் சொல்லும்போதெல்லாம் பாஷா தன் தோளைத் தடவிக்கொள்வார்.

பறவைகள் அவர் வாழ்க்கைக்குள் வந்தது 2004 ஜனவரியில். மத்திகிரியில் ஒரு நிச்சயதார்த்தம் முடித்து, சாயங்காலம் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தவர் கால்நடைப் பண்ணை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் வானத்தில் சோளக்குருவிகள் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. இளஞ்சிவப்பு உடம்பும் கருப்புத் தலையுமாக, குளிர்காலத்தில் எங்கிருந்தோ வந்து சோளக்கொல்லைகளில் மேய்ந்துவிட்டுப் போகிற குருவிகள். இருட்டுவதற்கு முன் பண்ணைக்குள் இருக்கும் கருவேல மரங்களில் அடையும். அடைவதற்கு முன் பத்து நிமிஷம் எல்லாமாகச் சேர்ந்து வானத்தில் சுழலும், மடங்கும், விரியும். ஊரே தினமும் பார்க்கிற காட்சிதான். பாஷா மட்டும்தான் தலைக்கணக்கு எடுத்தார்.

"கொறஞ்சது பதினோராயிரம் பேர் சார்" என்றார் மறுநாள் என்னிடம். குருவிகளையும் அவர் 'பேர்' என்றுதான் சொல்வார்.

"ஒரு ரெண்டாயிரம் இருக்குமா பாய்?" என்று கேட்டேன். முன்னூற்று எண்பத்தேழாவது ஆளை மறந்துவிட்ட துரோகி நான்.

ஸ்டுடியோவுக்குப் படம் கழுவ வருகிறவர்களில் மோகன்குமார் என்றொரு இன்ஜினீயர் உண்டு. பெங்களூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். அங்கே பறவை பார்ப்பவர்கள் சங்கம் ஒன்றில் முக்கியப் புள்ளி. வருடா வருடம் எந்த ஏரியில் எந்தப் பறவை எத்தனை என்று ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். அதைத் தொகுப்பவர் அவரே. பாஷா சொன்ன தகவலை அவர் தட்டவில்லை. ஜூனில் புத்தகம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு பாஷா நேரே என் வீட்டுக்கு வந்தார். தன் பெயர் அச்சில் வந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. விரல் மட்டும் ஓர் இடத்தில் தயங்கி நின்றது. மத்திகிரி, சோளக்குருவி, 11,000, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி, தகவல்: சாந்த் பாஷா.

"சார், இந்தக் கேள்விக்குறி எதுக்கு?"

நான்தான் சொல்லவேண்டியிருந்தது. நம்பும்படியாக இல்லை, ஆனால் ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். பாஷா புத்தகத்தை மூடினார். என் மனைவி கொடுத்த டீ அப்படியே ஆறிப்போயிற்று.

மோகன்குமார் கெட்டவர் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க பாய். அவ்வளவு பெரிய கூட்டம் இந்தப் பக்கம் பதிவானதே இல்ல. மொத்தக் கூட்டமும் ஒரே படத்துல வந்தா காட்டுங்க. அடுத்த புக்ல கேள்விக்குறிய நானே எடுத்துடறன்" என்றார். பாதிக் கூட்டத்தை எடுத்தால் அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது. இரண்டு படமாக எடுத்தால் ஒரே குருவியை இரண்டு தடவை எண்ணியதாகச் சொல்வார்கள். ஒரே படச்சட்டம். எல்லாரும் அதற்குள். ஒருவர்கூட வெட்டுப்படக் கூடாது. இது பாஷா தினமும் செய்கிற வேலைதான், என்ன, இவர்கள் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார்கள்.

அடுத்த தை மாதம் குருவிகள் திரும்பி வந்தன. கொல்லைகளில் அறுப்பு முடிந்தால் போய்விடும். கையில் இருந்தது ஐந்தாறு வாரம், அதிலும் நாளுக்குப் பத்து நிமிஷம். மோகன்குமார் பெரிய மனசோடு தன் நானூறு மில்லிமீட்டர் டெலி லென்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். பாஷா அதைக் கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி எடுத்துப்போனார். படங்கள் வந்தபோது மோகன்குமார் கைதட்டினார். ஒரு குருவியின் கண்ணில் சூரியன் தெரிந்தது, கொண்டை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது.

"ஒருத்தர் மூஞ்சி பிரமாதமா இருக்குது" என்றார் பாஷா. "மத்த பத்தாயிரத்து தொள்ளாயிரத்து தொண்ணூத்தொம்பது பேர் எங்க?"

அடுத்து இருபத்தெட்டு. சாலையோரத்திலிருந்து எடுத்ததில் கூட்டம் முழுக்க வந்தது, ஆனால் வானத்தில் யாரோ கடுகு சிந்தினாற்போல் ஒரு மூலையில் கிடந்தது. எண்ண முடியாது. கிட்டே போகலாம் என்றால் வேலி. வேலியை ஒட்டி நின்று அண்ணாந்து எடுத்துப் பார்த்தார். ஓரத்துக் குருவிகள் எல்லாம் ரப்பர் மாதிரி இழுபட்டிருந்தன. அவருக்கு அது தெரிந்த சங்கதிதான். இருபத்தெட்டில் குரூப் போட்டோ எடுத்து, கோடியில் நின்ற ஒரு யூனியன் செயலாளரைக் குண்டாக்கிவிட்டு ஒரு வாரம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். பிறகு ஜூம். அது வெளிச்சத்தைக் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். குருவிகள் சேரும் நேரமோ சூரியன் இறங்கும் நேரம். ஷட்டரை மெதுவாக ஓட்டவேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு குருவிக்கும் பின்னால் ஒரு வால் முளைத்தது.

மூன்று வாரம் போயிருந்தது. இந்த ஆள் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மாறாக, கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, முடிச்சுப் போட்ட அட்டையோடு நான்கு சாயங்காலம் மத்திகிரியில் நடந்தார். டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான்காவது நாள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அவங்களுக்கும் ஒரு கிரவுண்டு இருக்குது! எப்புடித் திரும்பினாலும் இந்தப் பக்கம் பண்ணைத் தண்ணி டேங்கைத் தாண்டறது இல்ல, அந்தப் பக்கம் சவுக்கு மர வரிசையைத் தாண்டறது இல்ல. நான் முட்டாளு, குருவியவே பார்த்துக்கிட்டு இருந்திருக்கறன். டேங்குலருந்து சவுக்கு வரைக்கும் சட்டத்துல அடங்கினா போதும். அவங்க எப்புடிப் பறந்தா நமக்கென்ன?"

டேங்கும் சவுக்கும் ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் சரியாக உட்காரும் இடத்தைக் காலால் தேடினார். மூன்றாவது முடிச்சுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கவேண்டும், வீடுகள் மறைத்தன. முதல் முடிச்சுக்கு வேலி தடுத்தது. இரண்டாவது முடிச்சு, சரோஜம்மாள் என்பவருடைய வாடகைக் குடித்தன வீட்டு மொட்டைமாடியில் கச்சிதமாகப் பொருந்தியது. வடாம் காய்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு அந்த அம்மாள் அனுமதி கொடுத்தார். இரண்டாவது முடிச்சு என்றால் ஐம்பது. கேமராவோடு கூடவே வருகிற லென்ஸ். விலை மலிவு, யாரும் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிப் பெருமையடிப்பதில்லை. ஆனால் வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும்.

"லென்ஸோட வாய முழுசாத் தெறந்துடக் கூடாது" என்றார் பாஷா. "தெறந்தா ஓரத்துல நிக்கறவங்க மூஞ்சி கலங்கிடும். ரெண்டு புள்ளி மூடணும்." அப்போதும் ஷட்டர் வேகமாக ஓடுகிற அளவுக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது.

அந்த முதல் சாயங்காலம் நானும் மாடியில் இருந்தேன். அவர் மனைவி தஸ்லிமும் வந்திருந்தார். குருவிகள் தொகுதி தொகுதியாக வந்தன. "ஏ ஷிப்ட் வந்துட்டாங்க" என்று பாஷா முணுமுணுத்தார். பிறகு பி ஷிப்ட். பிறகு ஜெனரல். கூட்டம் திரண்டு, டேங்குக்கும் சவுக்குக்கும் நடுவில் ஒரு பெரிய கருந்துணி உதறுவதுபோல் மடங்கி விரிந்தது. பாஷா கண்ணைக் கேமராவில் வைத்தார். விரல் பட்டனுக்குப் போயிற்று. இடது கை தன் பாட்டுக்கு விசிலை உதட்டுக்குக் கொண்டுபோயிற்று.

ஊதிவிட்டார்.

இருபது வருடப் பழக்கம். நானூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்; பதினோராயிரம் பேர் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் நாலா பக்கமும் சிதறி, சரிந்து, அரை நிமிஷத்தில் மரங்களுக்குள் போய்விட்டது. வானம் காலி. கீழே சரோஜம்மாள் வீட்டு நாய் மட்டும் பதிலுக்குக் குரைத்தது. தஸ்லிம் சிரித்துச் சிரித்து வடாத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து கணவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டார்.

"ஏங்க, அந்தக் கேள்விக்குறி போற வரைக்கும் இது எங்கிட்டதான் இருக்கும்."

அதன் பிறகு இரண்டு நாள் மேகம். மூன்றாவது நாள் ஒரு கல்யாணம். நான்காம் நாள், வடக்கே ஓசூர் வரை வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அறுப்பு பாதிக்கு மேல் முடிந்திருந்தது; இனி எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. மோகன்குமாரும் தன் பீரங்கி லென்ஸோடு மாடிக்கு வந்திருந்தார். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், ஜெனரல். கூட்டம் முழுதாகச் சுழல ஆரம்பித்ததும் மோகன்குமாரின் கேமரா படபடவென்று அடித்தது. பாஷா சும்மா நின்றார்.

"பாய், எடுங்க! இதவிட என்ன வேணும்?" என்று மோகன்குமார் கத்தினார்.

"ஓரத்துல எடம் காலியா இருக்குது சார். இன்னும் யாரோ வரணும்."

தஸ்லிம், "ஏங்க, வெளிச்சம் போவுது" என்றார். பாஷா கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில், டேங்குக்கு அந்தப் பக்கம், ஒரு முப்பது நாற்பது குருவிகள் தாழப் பறந்து அவசர அவசரமாக வந்துகொண்டிருந்தன. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள் மாதிரி. "வாங்க, வாங்க" என்று அவர் வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. "இன்னும் ஒரு அடி. உள்ள வாங்க." கடைசிக் குருவி டேங்கைத் தாண்டி உள்ளே நுழைந்தது. டிக். நிதானமாக பிலிம் சுருளை நகர்த்தி இன்னொன்று. பிறகு ஒன்று. அவ்வளவுதான். கூட்டம் மரங்களுக்குள் சரிந்தது. மறுவாரம் குருவிகள் ஊரைவிட்டே போய்விட்டன.

மூன்றில் முதலாவது படத்தைப் பெங்களூரில் கொடுத்து எட்டுத் துண்டாகப் பெரிதாக்கினார்கள். எண்ணியது தஸ்லிம். ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு குருவிமேலும் சிவப்பு பால்பாயின்டால் ஒரு புள்ளி. ஸ்டுடியோவில் ஆள் வராத மத்தியானங்களில், பதினொரு நாள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. இரண்டு தாளை எடுத்துப்போய்ச் சரிபார்த்தேன். தஸ்லிம் ஒன்பது குருவிகளை விட்டிருந்தார், ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. எங்கள் கம்பெனியில் இந்த லட்சணத்தில் பாகம் வந்தால் மாலை போட்டு வரவேற்போம்.

மோகன்குமார் ஒரு ஞாயிறன்று வந்து, தானே ஒரு தாளைப் பொறுக்கி எடுத்து, புள்ளி வைக்காத வேறொரு பிரதியில் எண்ண உட்கார்ந்தார். இரண்டரை மணி நேரம். "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தேழு" என்றார். தஸ்லிமின் கணக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. பாஷாவின் முகம் வெளுத்தது. மோகன்குமார் மறுபடி முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தார். முடித்ததும் பேனாவை மூடினார்.

"மேடம் கரெக்ட். நான் ஏழு விட்டுட்டேன்."

மொத்தம் பதினாலாயிரத்து இருநூற்று முப்பத்தாறு. ஒன்றின் பின் ஒன்று மறைந்தவை தனி. பாஷா அந்த எண்ணைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடடா, மூவாயிரம் பேரை விட்டுட்டன் சார்! கொறச்சிச் சொல்லிட்டன்!" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன ஜூன் மாதம், 2005-ஆம் வருடப் புத்தகத்தை மோகன்குமாரே கொண்டுவந்து கொடுத்தார். நானும் அங்கே இருந்தேன். பென்ஷன் ஆபீஸுக்குப் போட்டோ எடுக்க நாராயணப்பனும் வந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் அதே கூச்சம். பாஷா பக்கத்தைப் புரட்டினார். மத்திகிரி, சோளக்குருவி, 14,236, தகவல்: சாந்த் பாஷா, எண்ணியவர்: தஸ்லிம். அடைப்புக்குறி இல்லை. உள்ளே இருந்ததும் இல்லை. பாஷா அந்த வெற்றிடத்தை விரலால் தடவிப் பார்த்தார், எங்காவது மறைந்திருக்கிறதா என்பதுபோல்.

பிறகு நாராயணப்பனின் கையைப் பிடித்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்துக்குக் கூட்டிப்போனார். இடது ஓரத்தில், சட்டத்துக்கு ஒரு நூல் இடைவெளியில், கடைசியாக வந்து சேர்ந்த குருவி. "அண்ணே, இவருக்கு உங்க பேருதான் வெச்சிருக்கறன்."

நாராயணப்பன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, படத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு றெக்கையும் விழுந்திருக்குது பாஷா" என்றார்.

தஸ்லிம் இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாலைந்து மாதமாகத் தொழிற்சாலைகளில் வெறும் கைதட்டியே ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், அதை எடுத்துச் சட்டையில் துடைத்தார். எங்கள் எல்லாரையும் வாசலுக்கு வரச் சொன்னார். மோகன்குமார் நடுவில், இந்தப் பக்கம் தஸ்லிம், அந்தப் பக்கம் நான். நாராயணப்பன் தானாகவே கோடிக்குப் போய், பாதி உடம்பை ஹார்டுவேர் கடைக்குக் கொடுத்து நின்றுகொண்டார். பாஷா ரோட்டில் இறங்கி, ஐம்பதை மாட்டி, பின்னால் இரண்டு அடி வைத்து, எங்கள் யாரையும் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு அடி உள்ள வாங்க."

நாராயணப்பன் ஒரு அடி உள்ளே வந்தார். பாஷா மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து விசிலை ஊதினார். எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.